தையல் மெஷினில் ஒரு கிட்டார்

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. பால் காய்வதற்குள் காலைப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிடுவேன். பஸ் வருவதற்குள் அடுத்த ஸ்டாப்புக்கு நடந்துவிடுவேன். பாதி நாள் நடுவழியில் அந்த பஸ் என்னைத் தாண்டிப் போய்விடும். "காலில சக்கரம் கட்டிக்கிட்டுப் பொறந்தவ" என்பாள் அம்மா. பாலிகஞ்சில் எனக்கு வேலை. கட்டடங்களுக்குள் மின்சாரக் கம்பி எந்த வழியாகப் போக வேண்டும் என்று வரைபடம் போட்டுக் கொடுக்கிற அலுவலகம் அது. அங்கேயும் இதே பாட்டுதான். "தீதி, எக்டு போஷுன்" என்பார்கள், கொஞ்சம் உட்காருங்க அக்கா என்று. உட்காருவேன். உட்கார்ந்த இடத்தில் கால் ஆடும். போன வருஷத் துர்கா பூஜைச் சமயத்தில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் அதில் முக்கால்வாசிக் குளறுபடி என் கை வேகத்தால் வந்ததுதான்.

அந்த வருஷம் கோடையில் அக்கா எங்களோடு இருக்க வந்தாள். லேக் மார்க்கெட்டில் எங்கள் அப்பா காலத்து வாடகை வீடு. அம்மாவும் நானும் மட்டும் இருந்தோம். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதற்கும் பொறுமையில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்கா கல்யாணமாகிப் போனது துர்காப்பூருக்கு. அத்தான் அங்கே இரும்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடைசிச் சில வருஷங்கள் அவர் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் அக்காதான். அவர் போன பிறகு அவள் இரண்டு பெட்டிகளோடு ஹௌராவில் வந்து இறங்கினாள்.

இறங்கியவள் ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான். கேட்டால் பதில் சொல்வாள், கூப்பிட்டால் சாப்பிட வருவாள். மற்ற நேரமெல்லாம் புடவைத் தலைப்பின் ஓரத்தைக் கையில் எடுத்து மடிப்பாள், பிரிப்பாள், மறுபடி மடிப்பாள். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்காது. பட்டாணி உரிக்க உட்கார்ந்தால், "நீ விடுக்கா, இத்தனை வருஷம் பட்டது போதாதா" என்று முறத்தைப் பிடுங்கிக்கொள்வேன். துணி மடிக்க எழுந்தால் அம்மா, "ஒக்காரும்மா, அவ பாத்துப்பா" என்பாள். என்னதான் இருந்தாலும் எங்கள் வீட்டுக்கு வந்த பெண் இல்லையா? அவளை ஒரு வேலையும் செய்ய விடாமல் தாங்கினோம்.

பெங்களூரில் இருக்கும் அக்கா மகனும் அதையேதான் சொன்னான். நல்ல பையன், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவன் வீட்டுக்குப் பக்கத்தில் வயதானவர்களுக்கென்று கட்டியிருக்கும் குடியிருப்பில் அக்காவுக்கு ஒரு அறை பார்த்திருந்தான். பூஜை முடிந்ததும் வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. "சித்தி, சாப்பாடு ரூமுக்கே வந்துடும். துணி தோய்க்க ஆள், பெருக்க ஆள், கீழேயே டாக்டர். அம்மா ஒரு துரும்பைக்கூட அசைக்க வேணாம்" என்று போனில் சொல்லச் சொல்ல அவன் குரலில் அத்தனை சந்தோஷம். அக்காவிடம் கேட்டோம். "சரி" என்றாள். அந்தச் சரி எனக்குப் பிடிக்கவில்லை. போகிறேன் என்கிற சரியும் இல்லை, மாட்டேன் என்கிற சரியும் இல்லை. என் அக்காவை அப்படி ஓர் அறையில் கொண்டுபோய் வைத்துவிட்டால் அவள் அங்கேயே தலைப்பை மடித்து மடித்துத் தீர்ந்துபோவாள் என்று எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் இங்கேயும் அதைத்தானே செய்கிறாள், எந்த முகத்தோடு தடுப்பது?

அப்போதுதான் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கி, "அந்த கிட்டார் எங்கடி?" என்றாள்.

வந்த நாளிலிருந்து அவளாக வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி அது.

கிட்டார் என்றதும் நின்றுகொண்டு தோளில் மாட்டி வாசிக்கிறதை நினைக்காதீர்கள். இது ஹவாயன் கிட்டார், அதுவும் எலெக்ட்ரிக். மடியில் மல்லாத்திப் போட்டு, இடது கையில் ஓர் இரும்புத் துண்டைப் பிடித்துக் கம்பிகள்மேல் வழுக்கிக்கொண்டே வலது கையால் மீட்டுவது. ஒரு காலத்தில் இந்த ஊரில் தெருவுக்கு நாலு வீட்டில் பெண்பிள்ளைகள் இதைக் கற்றுக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்கு வீணை சொல்லிவைக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. "வீணையைத் தூக்கிக்கிட்டு மினி பஸ்ஸில ஏற முடியுமா?" என்று அப்பா ஒரே கேள்வியில் அதை முடித்துவிட்டார். பக்கத்துத் தெருவில் குடியிருந்த ஒரு குடும்பம் ஊரைவிட்டுப் போகும்போது விற்ற கிட்டாரை அவரே வாங்கிவந்தார். இங்கேயே ஏதோ பட்டறையில் செய்தது. சிவப்பு மெருகு, ஓரத்தில் முத்துச்சிப்பி மாதிரி மினுக்கும் பட்டை. வங்காளி மாஸ்டர் ஒருவர் வந்து வங்காளிப் பாட்டு சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவார். அவர் படி இறங்கியதும் அம்மா சமையலறையிலிருந்து கீர்த்தனை முணுமுணுப்பாள், அக்கா அதை இரும்பால் இழுத்து இழுத்துக் கண்டுபிடித்துவிடுவாள். வளைந்து வழுக்கும் சங்கதியெல்லாம் அந்த இரும்புக்கு ரொம்பச் சுலபம். எனக்கு அதில் ஒன்றும் ஒட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தால்தானே ஒட்டும்?

கிட்டார் பரணில் இருந்தது. பழைய போர்வையில் சுற்றி, உடைந்த ஃபேன் ஒன்றுக்கும் கொலுப் படிப் பலகைகளுக்கும் நடுவில். அடுத்த நாளே ஸ்டூல் போட்டு ஏறி இறக்கினேன். மெருகு கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. கம்பிகள் துருப்பிடித்து, தொட்டதும் ஒன்று பட்டென்று அறுந்தது. முறுக்குகிற கீ ஒன்று உடைந்திருந்தது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழைக் காணோம். எல்லாவற்றையும்விட மோசம் பிக்கப். கம்பிகளுக்கு அடியில் இருக்கும் காந்தமும் கம்பிச்சுருளும்தான் பிக்கப். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புவது அதுதான், கிட்டாருக்கு அது தொண்டை. மீட்டரை வைத்துப் பார்த்தேன். முள் அசையவில்லை. உள்ளே எங்கேயோ கம்பி அற்றுப்போயிருந்தது.

"அக்கா, பூஜைக்குள்ள சரி பண்ணி உன் மடியில போடறேன் பாரு" என்றேன். அக்கா கிட்டாரின் ஓரத்தைத் தடவிக்கொண்டு, "உள்ள என்ன இருக்குன்னு திறந்து பாக்கலாமா?" என்றாள். "நான் பாத்துக்கறேன், நீ ஒக்காரு. தூசி, உனக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டேன். என் மனதில் ஒரே கணக்குதான். இது பாடவேண்டும், அக்கா வாசிக்கவேண்டும், வாசித்தால் பழைய அக்காவாகிவிடுவாள், அப்புறம் எந்த அறைக்கும் போகமாட்டாள்.

அந்த மழைக்காலம் முழுக்க எனக்கு வேறு நினைப்பில்லை. ஆபீஸிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றின காலோடு கிட்டாரிடம் போவேன். உப்புத்தாள் போட்டுத் துருவைத் தேய்த்தேன். ஈரக் காற்றில் வார்னிஷ் காயாது, காய்வதற்குள் விரல் வைத்துப் பார்ப்பேன், விரல் பதிந்துவிடும். மறுபடி தேய்க்க வேண்டியது. "ஏண்டி, அது பாட்டுக்குக் காயட்டுமே" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். சாந்தினி மார்க்கெட்டில் அலைந்து கீயும் குமிழும் புதுக் கம்பிகளும் வாங்கினேன். கூடவே பிக்கப் சுற்றுவதற்குத் தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பி ஒரு சுருள்.

அதைச் சுற்றுவதற்கு நான் கண்டுபிடித்த உபாயம் அம்மாவின் தையல் மெஷின். கால் மிதி மெஷின். பாபினில் நூல் சுற்றுகிற சின்ன உருளை பக்கத்தில் இருக்குமே, அதில் ஒரு பெரிய பொத்தானை ஒட்டி, அதன்மேல் பிக்கப்பின் சட்டத்தைப் பொருத்தினேன். மிதித்தால் சுழலும், கம்பி தானாகச் சுற்றிக்கொள்ளும். நல்ல யோசனைதான். ஆனால் என் கால் அவசரக் கால். கொஞ்சம் வேகம் கூடினால் போதும், கம்பி டிக் என்று அறும். அறுந்த முனையைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் கண் வலிக்கும். எரிச்சலில் இன்னும் வேகமாக மிதிப்பேன், மறுபடி டிக்.

"மெதுவாடி" என்றாள் அக்கா கட்டிலிலிருந்து. "இரு, நான்..." என்று எழுந்துகூட வந்தாள்.

"அய்யோ, நீ வேற ஏன்க்கா! ஒக்காரு, ஒக்காரு!" என்று கத்தினேன். உட்கார்ந்துவிட்டாள்.

கடைசியில் தோற்றுப்போய், மிச்சக் கம்பிச்சுருளை மெஷின் இழுப்பறையில் விட்டெறிந்தேன். ஜாதவ்பூரில் சீலிங் ஃபேன் மோட்டார்களுக்குச் சுருள் சுற்றித்தரும் ஒரு கடை இருந்தது, சட்டத்தைக் கொண்டுபோய் அங்கே கொடுத்தேன். பூஜை நெருக்கத்தில் இழுத்தடித்தார்கள். நான் தினம் போய் நின்றதில் சலித்துப்போய்த்தான் முடித்துக்கொடுத்திருப்பார்கள். அஷ்டமி அன்று மத்தியானம் எல்லாவற்றையும் பொருத்தி, ஈயம் பற்றவைத்து, மாடி வீட்டில் நாங்கள் போதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடும் வங்காளிப் பெண்ணிடம் அவள் மகளின் சின்ன ஆம்ப்ளிஃபயரை இரவல் வாங்கிவந்து செருகினேன். உர்ர் என்று ஓர் இரைச்சல். அதற்கு நடுவில் கம்பியைத் தட்டினால், அடேயப்பா, சத்தம்! நான் போட்ட கூச்சலில் அம்மா புடைத்துக்கொண்டிருந்த முறத்தோடு ஓடிவந்தாள்.

கிட்டாரை அக்கா மடியில் வைத்தேன். இரும்பைக் கையில் கொடுத்தேன். அவள் ஒரே ஒரு ஸ்வரத்தைக் கீழேயிருந்து மெல்ல மேலே இழுத்தாள். அது ஏறி, நின்று, அடங்கியது. வெளியே பந்தலில் தாக் அடித்துக்கொண்டிருந்தார்கள், அந்தத் தோல்மேளச் சத்தத்தையும் மீறி எனக்குப் புல்லரித்தது. அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"நல்லாருக்குடி. நல்லாப் பண்ணியிருக்க" என்றாள் அக்கா. இரும்பை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து கட்டிலுக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் தலைப்பு மடிய ஆரம்பித்தது.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. என்ன குறை? ஏன் வாசிக்கவில்லை? அந்த இரைச்சல்தான் காரணம் என்று முடிவு கட்டினேன். அத்தனை சுத்தமான காது உள்ளவளுக்கு உர்ர் என்று இரைந்தால் எப்படிப் பிடிக்கும்? உடனே பிக்கப்பின் தகட்டு மூடியைக் கழற்றினேன். அதன் உட்பக்கத்தைத் தேய்த்து, ஒரு ஒயரைக் கூடுதலாகப் பற்றவைக்க நினைத்தேன். அதற்குள் இருட்டி, கரண்ட் வேறு ஏறி இறங்க, காலையில் முதல் வேலையாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடி திறந்தபடியே மேஜைமேல் விட்டுவிட்டுப் படுத்தேன். என் வாழ்க்கையில் ஒரு வேலையை நாளைக்கு என்று தள்ளிப்போட்டது அபூர்வம். அன்றைக்குப் பார்த்துத் தள்ளிப்போட்டேன்.

மறுநாள் நவமி. ஊருக்கு அது துர்கா பூஜையின் உச்சம். எங்கள் வீட்டுக்குச் சரஸ்வதி பூஜை, ஆயுத பூஜை. நான் கண் விழிப்பதற்குள் அம்மா குளித்து முடித்து வீட்டிலிருந்த ஆயுதம் அத்தனையும் சாமிப்படத்துக்கு முன்னால் சேர்த்துவிட்டாள். புத்தகங்கள், என் வரைபட ஸ்கேல், பென்சில் டப்பா, அரிவாள்மணை, கத்தரிக்கோல். என் ஸ்க்ரூடிரைவர்கள், சால்டரிங் அயர்ன், மீட்டர். நகர்த்த முடியாத தையல் மெஷினுக்கு அது இருந்த இடத்திலேயே மாலை. எல்லாவற்றுக்கும் நடுநாயகமாக, பட்டுத்துணி விரித்த மணையில், கிட்டார். ஈரத்துணியால் துடைத்து, தலையிலிருந்து கால்வரை சந்தனம் வைத்து, குங்குமம் இட்டு, சம்பங்கி சாத்தியிருந்தாள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. நான் குனிந்து பிக்கப்பைப் பார்த்தேன்.

மூடியில்லாத கம்பிச்சுருளின் நட்டநடுவில் ஒரு பெரிய சந்தனப் பொட்டு. அதன்மேல் குங்குமம். கட்டைவிரலால் நன்றாக அழுத்தி வைத்தது. விரல் பட்ட இடத்தில் கம்பிகள் குழைந்து, அறுந்த முனைகள் சந்தனத்தில் ஒட்டிக்கொண்டு மினுக்கின.

"அம்மா!"

நான் கத்தியதில் பந்தல் தாக்கே ஒரு கணம் நின்ற மாதிரி இருந்தது. "என்னம்மா பண்ணி வெச்சிருக்க? அறுத்துட்டியே! எல்லாம் போச்சே!"

"என்னடி போச்சு? அதுக்கு நடு நெத்தி எங்கன்னு பாத்துத்தானே வெச்சேன்" என்றாள் அம்மா, ஒரு தவறும் செய்யாதவளின் முகத்தோடு. தவறு செய்யவும் இல்லை, அவளுக்குத் தெரிந்த மரியாதையைச் செய்தாள். "அத்தனை அக்கறை இருந்தா மூடி போட்டு வைக்கறது."

நான் கிட்டாரைத் தூக்கக் கையை நீட்டினேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். எண்பது தாண்டிய கை, இரும்புப் பிடி. "பூஜையில வெச்சாச்சு. நாளைக்குக் காலையில மறுபூஜை முடியற வரைக்கும் யாரும் ஒண்ணையும் தொடக்கூடாது. படிக்கக்கூடாது, எழுதக்கூடாது, தைக்கக்கூடாது. உனக்குச் சொல்லித்தரணுமா?"

"நாளன்னிக்கு அவன் வந்துடுவாம்மா! அக்காவைக் கூட்டிட்டுப் போயிடுவான்!"

"வரட்டும். சாமி என்ன ஓடியா போகுது?"

ஃபேன் கடைக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. எடுத்தாலும் என்ன, பௌர்ணமிக்கு வரும் லட்சுமி பூஜை வரைக்கும் இந்த ஊரில் யார் கடை திறப்பார்கள்? அந்த நாளை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். கூடத்திலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து பால்கனி, பால்கனியிலிருந்து கூடம். வெளியே புதுப்புடவைகளும் குழந்தைகளின் பலூன்களும் பந்தல் பந்தலாகப் போய்க்கொண்டிருந்தன. போதி வந்து பந்தலில் பூப்போடும் அஞ்சலிக்குக் கூப்பிட்டாள், போகவில்லை. சுண்டலுக்குத் தாளிக்கப்போய் கடுகைக் கருக்கினேன். படிக்கவும் கூடாது, எழுதவும் கூடாது, தொடவும் கூடாது. என் இரண்டு கைகளை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்வது?

மத்தியானம் அம்மா கண்ணசந்ததும் மெல்லப் போய் சாமிப்படத்துக்கு முன்னால் மண்டியிட்டேன். ஒரே ஒரு ஸ்க்ரூடிரைவர். அம்மாவுக்குத் தெரியவா போகிறது?

"தொடாதடி" என்றது குரல். அக்கா அறை வாசலில் நின்றிருந்தாள். காலையில் பூஜை நடந்தபோதும் அவள் அந்த வாசலைத் தாண்டி வரவில்லை. அத்தான் போய் வருஷம் முடியவில்லை என்று அவளே ஒதுங்கி நின்றிருந்தாள். "வா. வந்து இப்படி ஒக்காரு."

"எப்படிக்கா ஒக்கார்றது? கை பரபரங்குது. பைத்தியமே பிடிச்சிரும் போல இருக்கு. ஒரு நாள் முழுக்க ஒண்ணும் செய்யாம மனுஷி எப்படி இருப்பா?"

அக்கா என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, சிரிப்புகூட லேசாக இருந்தது.

"ஒரு நாளுக்கே உனக்கு இப்படி இருக்கா?" என்றாள்.

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் மண்டியிட்ட இடத்திலேயே இருந்தேன். எனக்குச் சுருக்கென்றது. முறத்தைப் பிடுங்கியது, மெஷின் பக்கம் வந்தவளைத் துரத்தியது, ஒக்காரு ஒக்காரு என்று நாங்கள் மூன்று பேரும் மாறி மாறிச் சொன்னது எல்லாம் வரிசையாக வந்து நின்றது. ஆனாலும் பாருங்கள், என் புத்திக்கு அப்போதும் பாதிதான் ஏறியது. அக்காவுக்குச் சமையலறையில் ஏதாவது வேலை கொடுக்க வேண்டும் என்ற அளவுக்கு ஏறியது. கிட்டாரைப் பொறுத்தவரை, ஐயோ இனி அவள் எதை வாசிப்பாள் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

விஜயதசமி காலையில் அம்மா மறுபூஜையை முடித்து, கற்பூரம் காட்டி, மணையை வடக்கே கொஞ்சம் நகர்த்தினாள். நகர்த்திவிட்டால் பூஜை கலைந்தது என்று அர்த்தம். அதன்பின் அவரவர் ஆயுதத்தை அவரவர் எடுத்து அன்றைக்கு ஒரு வேலையாவது தொடங்க வேண்டும், அதுதான் எங்கள் வீட்டு வழக்கம். அம்மா ஸ்லோகப் புத்தகத்தை எடுத்து ஒரு வரி படித்தாள். நான் பென்சிலை எடுத்து ஒரு கோடு போட்டு என் கடமையை முடித்தேன்.

அக்கா வாசலிலேயே நின்றாள்.

"நீயும் வாடி" என்றாள் அம்மா.

"எனக்கெதுக்கும்மா. வருஷம் திரும்பலையே."

"அதெல்லாம் பந்தலுக்குப் போறவங்களுக்கு. ஆயுதத்துக்கு ஏது வருஷம்? வந்து உன்னோடதை எடு."

அக்கா வந்தாள். நான் அவசர அவசரமாகக் கிட்டாரைத் தூக்கி, "ஊமையாத்தான்க்கா இருக்கு, இருந்தாலும் சும்மா ஒரு தடவை இழுத்துடு, சாஸ்திரத்துக்கு" என்று நீட்டினேன். அவள் அதை வாங்கவில்லை. பிக்கப்பின் மேலிருந்த பொட்டைக் குனிந்து பார்த்தாள். ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். நின்ற நிலையிலேயே திருகாணிகளைக் கழற்றி, பிக்கப்பை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு, கிட்டாரை என்னிடமே விட்டுவிட்டு நடந்தாள். நேரே தையல் மெஷினுக்கு.

மாலையை ஒதுக்கினாள். இழுப்பறையைத் திறந்து நான் விட்டெறிந்த கம்பிச்சுருளை எடுத்தாள். அறுந்த பழைய கம்பியைப் பிளேடால் கீறி உரித்துப்போட்டு, சந்தனத்தைத் துடைத்து, சட்டத்தைப் பொத்தான்மேல் பொருத்தினாள். எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரியாமல் எப்படி இருக்கும்? அந்தக் கட்டிலில் உட்கார்ந்து மழைக்காலம் முழுக்க என் அவசரக் குடுக்கைத்தனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள்தானே. அப்புறம் புடவைத் தலைப்பின் ஓரத்தை எடுத்து ஒரு மடிப்பு மடித்தாள். அந்த மடிப்புக்குள் கம்பியை விட்டு, இரண்டு விரலால் பஞ்சு பிடிப்பது போல் பிடித்துக்கொண்டு, மிதியை மிதித்தாள்.

கம்பி துணிக்குள் வழுக்கிக்கொண்டு போய்ச் சுற்றியது. அறவில்லை. அவள் கால் ஒரே சீராக ஏறி இறங்கியது, விரல் இடம் வலமாக மெல்ல மெல்ல நகர்ந்தது. நான் நாலு தடவை வாய் திறந்து நாலு தடவையும் மூடிக்கொண்டேன்.

"நின்னுக்கிட்டே இருந்தா வெளிச்சம் மறைக்குது" என்றாள் தலையைத் தூக்காமல். "ஒக்காரு. அந்தச் சுருளைப் பிடி. சும்மா பிடிச்சா போதும், இழுக்காத."

தரையில் உட்கார்ந்து பிடித்தேன். என் விரல்களுக்கு நடுவில் சுருள் தானாக உருண்டது. அம்மா இட்லி கொண்டுவந்து வைத்தாள், ஆறிப்போனது. தெருவில் ஆற்றில் கரைப்பதற்காகச் சாமியை லாரியில் ஏற்ற ஆட்கள் சேர்ந்துகொண்டிருந்தார்கள். அவளுக்கு வேண்டியது பாட்டு இல்லை, இதுதான் என்று அத்தனை மாதம் எனக்குத் தெரியவில்லையே! "உள்ள என்ன இருக்குன்னு பாக்கலாமா" என்று முதல் நாளே கேட்டாளே!

போன் அடித்தது. அக்கா மகன்.

"அம்மாகிட்ட குடுங்க சித்தி."

"அவ கை வேலையா இருக்காப்பா" என்றேன். எனக்கே அந்த வாக்கியம் புதிதாக இருந்தது. ஸ்பீக்கரில் போட்டு அவள் பக்கம் நீட்டினேன்.

"அம்மா, நாளைக்கு மத்தியானம் வந்துருவேன். பெட்டியெல்லாம் கட்டியாச்சா?"

"வாடா. சாப்பாட்டுக்கு வந்துடு" என்றாள் அக்கா. கால் நிற்கவில்லை. "பெட்டி கட்டலை. இதை இன்னும் சுத்தி முடிக்கணும், அப்புறம் ஈயம் வைக்கணும். மெருகை உன் சித்தி விரல் விரலா பதிச்சு வெச்சிருக்கா, அதையும் முதல்லேருந்து பண்ணணும்."

"எதைம்மா? நீ எதுக்கும்மா வேலை பாக்கறே? சித்தி இல்லையா?"

"இருக்கா. பொறுமை கிடையாது."

"டிக்கெட் போட்டாச்சேம்மா. உனக்கும் எனக்கும் சேர்த்து" என்றான் மெதுவாக.

"உன்னோடதுல நீ போ" என்றாள் அக்கா. "நான் சும்மா இருக்கறதுக்கு அவ்வளவு தூரம் வர முடியாதுப்பா."

அம்மா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றிருந்தாள். அக்கா முதல் தடவையாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். என் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்ததை அவள் பார்த்திருப்பாள்.

"போனை வைடி, சுருள் ஆடுது" என்றாள்.

போனைத் தரையில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் சுருளைப் பிடித்துக்கொண்டு, அவள் போதும் என்று சொல்லும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.